வீட்டில் ஆள் கூடும் வார இறுதிக்கு எந்தப் படம்?

விசேஷம் இருக்கிறதோ இல்லையோ, சனிக்கிழமை என்றால் காரைக்குடிப் பக்கத்து எங்கள் வீட்டுக்குச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தங்கள் வந்துவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளையிலிருந்து எண்பதைத் தாண்டிய அப்பத்தா வரை எல்லோரும் ஒரே திரைக்கு முன்னால் உட்காருவோம். என்ன படம் போடுவது என்று முடிவு செய்வது என் பொறுப்பு. துப்பறியும் படம், சிரிப்புப் படம், குடும்பப் படம், புராணப் படம் என எல்லா வகையும் போட்டுப் பார்த்தாயிற்று. என் ஓட்டு புராணப் படத்துக்குத்தான், அதிலும் ஏ.பி. நாகராஜன் இயக்கி 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்துக்கு.

நடிப்பு, பாட்டு என்று எல்லோரும் பேசுவதை விட்டுவிடுகிறேன். கூட்டமாகப் பார்க்கும் படத்தில் நான் கவனிப்பது ஒன்றே ஒன்று: நடுவில் எழுந்து போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தால் கதை புரிகிறதா? எங்கள் வீடுகளில் இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார யாராலும் முடியாது. இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரமும் சீயமும் சூடாக வேண்டும் என்றால் யாராவது ஒருவர் அடுப்படியில் நிற்கத்தான் வேண்டும். முகப்பில் யாரோ வந்து குரல் கொடுப்பார்கள், வெளியூரிலிருந்து போன் வரும். இப்படி எழுந்து போவது பெரும்பாலும் பெண்கள்தான். நாள் முழுக்க வேலை செய்தவரே திரும்பி வந்து, “என்னடா ஆச்சு?” என்று ஒவ்வொருவரிடமும் கேட்கும்படி ஆகிற படம் கூட்டத்துக்கு உகந்தது இல்லை.

இந்த இடத்தில்தான் துப்பறியும் படம் தோற்கிறது. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ எனக்கு மிகவும் பிடித்த படம். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. ஒரு கொலை நடக்கிறது, சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கதை சொல்கிறார்கள். படத்தைத் தயாரித்த ஏ.வி.எம்., கோடம்பாக்கம் போவதற்கு முன்னால் காரைக்குடியில்தான் ஸ்டூடியோ நடத்தியது என்பதால் ஊர்க்காரர்களுக்குத் தனிப் பாசம் உண்டு. ஆனால் ஒருவருடைய வாக்குமூலத்தைத் தவறவிட்டால் அடுத்தவர் சொல்வதில் பாதி அர்த்தம் போய்விடும். பாட்டு வரும்போது எழுந்து போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

சிரிப்புப் படம் பெரும்பாலும் தாங்கும். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சிக்கு அடுப்படியில் இருப்பவர்களும் ஓடி வந்துவிடுவார்கள். இருந்தாலும் முத்துராமன் வயதான வேடம் போட்டுக்கொண்டு வந்த பிறகு, யார் யாராக நடிக்கிறார்கள் என்பதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். பத்து நிமிடம் இல்லாதவருக்கு அந்தச் சிரிப்பில் பங்கு குறைந்துவிடும். இதற்கு இரண்டாம் இடம் தருவேன்.

குடும்பப் படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) நல்ல படம், தேசிய விருதும் வாங்கியது. ஆனால் வீட்டின் நடுவே கோடு போடும் காட்சி வரும்போது, பங்காளிகள் பொதுவில் வைத்திருக்கும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் பேச்சு எங்கே திரும்பும் என்று சொல்லத் தேவையில்லை. ஆள் பார்த்துப் போடுங்கள்.

சரி, ‘திருவிளையாடல்’. ஞானப்பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன முருகனுக்குப் பார்வதி கதை சொல்வதாகப் படம் போகிறது. தருமி, தாட்சாயணி, மீனவப் பெண், பாணபத்திரர் என்று ஒவ்வொன்றும் தனிக் கதை. ஒன்றை முழுசாகவே தவறவிட்டாலும் அடுத்ததற்கு வந்து முதலிலிருந்து பார்க்கலாம். தருமி கதை முடிந்ததும் நிறுத்திப் பலகாரம் கொடுத்துவிட்டு, அப்புறம் தொடரலாம். தட்சன் யாகப் பகுதி கொஞ்சம் இழுக்கும், பிள்ளைகள் நெளிவார்கள். காபி போடப் போகிறவர்கள் அப்போது போகலாம்.

ஆனால் பாணபத்திரர் கதைக்கு எல்லோரையும் உட்கார வையுங்கள். ஹேமநாத பாகவதராகப் பாலையா சபையில் நிமிர்ந்து உட்கார்ந்து, பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் ‘ஒரு நாள் போதுமா’ பாடுவார். பாண்டிய நாட்டுக்கே சவால் விட்ட அந்த வித்துவானை, விறகு விற்க வந்தவர் திண்ணையில் பாடியே ஊரைவிட்டு ஓட வைப்பார். ‘பாட்டும் நானே’ பாட்டில் ஒரே நேரத்தில் பல சிவாஜிகள் தெரியும்போது பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டில் பெரும்பாலானவை சிறுகூடல்பட்டிக் கண்ணதாசன் எழுதியவை. கதை நடப்பதோ நமக்குப் பக்கத்து மதுரையில். சொக்கநாதரைக் கும்பிடும் அப்பத்தாவுக்கு ஒவ்வொரு கதையும் மனப்பாடம். வசனத்தின் செந்தமிழ் பிடிபடாத பேரப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லிக்கொண்டு வருவார். வேறு எந்தப் படத்திலும் அவருக்கு இந்த இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

பெரியவர்கள் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் இருந்தால் இது எடுபடுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்படிப் போட்டதே இல்லை. பேய்ப்படத்தை ராத்திரியில் தவிர்ப்பது நல்லது. பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும் வீட்டில், அப்புறம் கொல்லைப்புறம் போக ஒவ்வொரு பிள்ளைக்கும் துணை வேண்டும்.

இன்னொன்று: வளவு, அதாவது வீட்டு நடுமுற்றம், வானம் பார்த்து இருப்பதால் பகலில் அங்கே புரொஜெக்டர் வைத்தால் ஒன்றும் தெரியாது. பகலில் உள்ளே டிவியில் போடுங்கள், பொழுது சாய்ந்த பிறகு வளவில் வெள்ளை வேட்டி கட்டிப் போடலாம். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு தூக்கம் வராத மூன்று நான்கு பேர் மிஞ்சினால், ‘அந்த நாள்’ போட அதுதான் நேரம்.