வழிப்பறிக்காரன் கடை வைத்த கதை

யாங்கஸை நான் முதலில் சந்தித்தது 'டிராகன் குவெஸ்ட் 8' என்ற வீடியோ கேமில். முள் வைத்த தொப்பி, பானை வயிறு, கையில் கோடரி. பாலத்தில் வழிமறித்துக் கொள்ளையடிக்கப் பார்த்தவன். பாலம் உடைந்து தொங்கியபோது நாயகன் கைகொடுத்துத் தூக்கிவிட, அன்றே திருந்தி அவன் பின்னால் வந்துவிட்டான். ஜப்பானிய மூலத்தில், வயதில் இளைய அந்த நாயகனை 'அனிகி' என்று அழைப்பான். நம் 'அண்ணே'தான்.

அதே ஆள் 2011-இல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்த 'ஃபார்ச்சூன் ஸ்ட்ரீட்' பலகை ஆட்டத்தில், மரியோ கூட்டத்தோடு நின்று பகடை உருட்டுகிறான். இது ஒட்டுப்போட்ட உறவு அன்று. டிராகன் குவெஸ்டைப் படைத்த யூஜி ஹோரிதான் 1991-இல் தொடங்கிய இந்தப் பலகை ஆட்டத் தொடருக்கும் தகப்பன்.

நான்கு ஆண்டுகளாக யாங்கஸாகவே ஆடி வருகிறேன். முதல் மாதம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. கோடரிக்கு இங்கே வேலையே இல்லை. யாரைத் தேர்ந்தெடுத்தாலும் பகடை ஒன்று, விதி ஒன்று. நான்கு சீட்டுச் சின்னங்களைச் சேர்த்துக்கொண்டு வங்கிக்குத் திரும்பினால் பதவி உயர்வும் சம்பளமும் கிடைக்கும். இடையில் கடை வாங்க வேண்டும், வந்து நிற்பவரிடம் கட்டணம் வாங்க வேண்டும். திருந்திய வழிப்பறிக்காரனை மறுபடி வழியில் உட்கார வைத்துக் காசு பறிக்கச் சொல்கிறார்கள்! இது உறைத்த நாளிலிருந்துதான் அவனை மாற்றத் தோன்றவில்லை.

ஆட்டத்தின் உயிர் பங்குகளில் இருக்கிறது. வட்டாரம் வட்டாரமாகப் பங்கு வாங்கலாம்; அங்கே யார் கடையில் யார் கட்டணம் கட்டினாலும் பங்குதாரருக்கு ஈவு வரும். என் வட்டாரத்துப் பங்குகளை முதலில் வாங்கிக் குவித்துவிட்டுப் பிறகு கடையில் முதலீட்டைக் கூட்டினால், பங்கு விலையும் சேர்ந்து ஏறும். இந்த வரிசை பிடிபட எனக்கு ஏழெட்டு ஆட்டங்கள் ஆயின. எளிய விதிமுறையில் பங்குகளே கிடையாது. சிறு பிள்ளைகளுக்கு அது போதும். பெரியவர்களுக்கு உப்பில்லாப் பண்டம்.

டிரோடேன் கோட்டைப் பலகையில் ஓர் இரவு நடந்ததைச் சொல்கிறேன். இலக்குத் தொகையைத் தாண்டிவிட்டேன். வங்கிக்கு ஐந்து கட்டம். பகடையில் விழுந்தது மூன்று. நேராக ஜெசிகாவின் பெரிய கடை. கையில் ரொக்கம் போதவில்லை. என் பங்குகளையே விற்றேன். மொத்தமாக விற்றதால் விலையும் சரிந்தது. கதையில் என்னோடு தோள் நின்று சண்டையிட்டவள் ஒரே கட்டத்தில் என்னைக் காலி செய்துவிட்டாள். அந்தக் கதையின் இன்னொரு தோழன் ஏஞ்சலோவும் அதே பலகையில்தான் இருந்தான், ஓர் உதவியும் இல்லை.

குறைகளும் உண்டு. ஓர் ஆட்டம் இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக முடிவதில்லை. யாங்கஸ் பேசும் வசனங்கள் முதலில் சிரிப்பூட்டின. இப்போது அவன் வாயைத் திறக்கும்முன்பே பொத்தானை அழுத்திவிடுகிறேன். கன்சோலின் இணைய ஆட்டச் சேவை 2014-லேயே நின்றுவிட்டது. ஆகவே வீட்டுக்கு வருபவர்கள்தான் எதிரிகள், யாரும் வராத நாளில் கணினி.

கணினி ஆட்டும் எதிரிகளில் என்னை அதிகம் தோற்கடித்திருப்பது மரியோவோ பவுசரோ அன்று. டிராகன் குவெஸ்டின் கையும் காலும் இல்லாத அந்தக் குட்டி அரக்கன், நீல ஸ்லைம்.