ரூபிக் டர்ட் எழுத்துரு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ரூபிக் டர்ட், ரூபிக் என்ற எழுத்துருவின் தடித்த எழுத்துக்களின் மேல் தேய்மானத்தை ஏற்றிய எழுத்துரு. மரக்கட்டை அச்சில் மை சரியாக ஏறாததுபோல எழுத்துக்குள் பொத்தல்கள் தெரியும். ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் வருவதால் வணிக வேலைக்கும் தடையில்லை. டி-ஷர்ட், கச்சேரி போஸ்டர், காபித்தூள் பொட்டலம் என்று ஓரிரு சொல் பெரிதாக நிற்கும் இடத்தில் அருமையாக எடுபடும். பத்திக்கு ஆகாது.

முதலில் கண்ணை உறுத்துவது ஒரே எழுத்து திரும்ப வரும் இடம்தான். ‘ரூம்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டு ‘ஓ’விலும் ஒரே தழும்பு ஒரே இடத்தில் விழும்; கையால் செய்த தோற்றம் அங்கேயே கலைந்துவிடும். அடோபியின் வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஓ அழுத்தி, எழுத்தை அவுட்லைன் (திருத்தக்கூடிய வடிவம்) ஆக்கி, இரண்டாவது எழுத்தை 180 பாகை திருப்புங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துக்களில் ஓ (O), எச் (H), என் (N), எக்ஸ் (X) இதற்கு இணங்கும். ஏ (A), டி (T), எம் (M) எழுத்துக்களை இடவலமாகப் புரட்டலாம். பி (B) போன்றவை எதற்கும் மசியாது; பி-க்குக் கீழ் வயிறு பெரிது. அவற்றின் பொத்தல்களைக் கையால்தான் மாற்ற வேண்டும்.

இந்த எழுத்துருவுக்கு ஒரே தடிமன்தான். போல்ட் பொத்தானை அழுத்தினால் மென்பொருள் போலியாகத் தடிக்கவைத்து பொத்தல்களை அடைத்துவிடும். இணையதளத் தலைப்புகளில் இது தானாகவே நடக்கும், ஏனென்றால் முதன்மைத் தலைப்புக்கான எச்1 குறி இயல்பாகவே போல்ட். சிஎஸ்எஸ் என்ற பக்க வடிவமைப்புக் குறிப்பில் ஃபாண்ட்-வெயிட்டை (எழுத்தின் தடிமன்) 400 என்று எழுதிவைத்தால் தீர்ந்தது.

ஸ்கிரீன் பிரிண்டிங்கில் துணியின் மேல் அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த பொத்தல்களை மை மூடிவிடும். ஒட்டும் தாளை பிளேடால் எழுத்து வடிவில் வெட்டும் வினைல் கட்டிங் இன்னும் மோசம்: பொடிப்பொடித் துண்டுகள் பிளேடோடு கிளம்பி வரும், வீடிங் (வேண்டாத துண்டுகளை உரித்தெடுப்பது) செய்பவர் பாடு திண்டாட்டம். அனுப்புமுன் இலவச வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல்+ஷிஃப்ட்+கே கொடுத்துப் பிரித்து, சிறு துண்டுகளை அழித்து, மீதியை கன்ட்ரோல்+கே கொடுத்துச் சேருங்கள். வினைலுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழே எதையும் விடாதீர்கள். டிஜிட்டல் அச்சுக்கு இந்தப் பாடே வேண்டாம்.

தமிழ் எழுத்துக்கள் இதில் இல்லை. கேட்டமரான் 900 அல்லது அனெக் தமிழ் 800 ஆகிய தடித்த தமிழ் எழுத்துருக்களில் ஒன்றை எடுத்து, மேலே தேய்மானப் படத்தை மாஸ்க் (எழுத்தின் சில பகுதிகளை மறைக்கும் படலம்) ஆக வைப்பதே நடைமுறை வழி. இங்கேதான் கவனம் வேண்டும். மெய்யெழுத்தின் புள்ளியை மாஸ்க் தின்றுவிட்டால் ‘பால்’ என்பது ‘பால’ ஆகிவிடும். எழுத்துக்கு மேலே உதிரிக் கறை விழுந்தால் இல்லாத புள்ளி முளைக்கும். மாஸ்க்கைத் தண்டுகளிலும் அகன்ற வளைவுகளிலும் மட்டும் விட்டு, புள்ளி, சுழி, கொம்பு மூன்றையும் முழுசாக வையுங்கள். புள்ளியை 10 சதவீதம் பெரிதாக்கினால் தூரத்திலிருந்தும் சொல்லைப் பிழையின்றிப் படிக்க முடியும்.