மரவள்ளி மாவுப்பூச்சிக்கு அசாடிராக்டின் 10,000 பிபிஎம்: வாங்கலாமா?

வேப்ப மருந்தில் வேலை செய்யும் பொருள் அசாடிராக்டின். அது 300, 1,500, 10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்று பல வீரியத்தில் கிடைக்கிறது. மரவள்ளிக்கு வாங்குவதானால் 10,000-ஐயே வாங்குங்கள். 300 பிபிஎம் மருந்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்தால் தெளிப்புநீரில் இருப்பது 1.5 பிபிஎம் அசாடிராக்டின். 1,500-ஐ அதே அளவு கலந்தால் 7.5. 10,000-ஐ 2 மில்லி விட்டாலே 20. மலிவு என்று முதலாவதை எடுத்தால் எண்ணெய்க்கும் கரைப்பானுக்கும்தான் காசு போகிறது.

பாட்டில் ஒளி புகாததாக இருக்கட்டும். தயாரிப்புத் தேதி எவ்வளவு புதிதோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் அசாடிராக்டினுக்கு வெயிலும் சூடும் ஆகாது. திறந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் சில துளி விட்டுப் பாருங்கள். உடனே பால் போல வெளுத்தால் சரியான சரக்கு. எண்ணெய் முத்து முத்தாக மிதந்தால் எண்ணெயும் நீரும் சேர்ந்த குழம்பு உடைந்துவிட்டது. அதை அடித்தால் இலையில் எண்ணெய் திட்டாக நின்று கருகும்.

பலர் கோட்டை விடுவது தண்ணீரில். இந்த மருந்துக்கு லேசான அமிலத் தண்ணீர்தான் ஒத்துவரும், 5.5 முதல் 6.5 பிஎச் வரை. உப்புத்தண்ணீர்க் கிணற்றில் 8-க்கு மேல் இருந்தால் முதலில் சிட்ரிக் அமிலம் போட்டு இறக்கி, பிறகு மருந்தை ஊற்ற வேண்டும். வேப்பெண்ணெய்க்குப் போடும் பழக்கத்தில் இதற்கும் சலவை சோப்பைக் கரைப்பவர்கள் இருக்கிறார்கள். வெறும் எண்ணெய் தண்ணீரோடு சேர சோப்பு வேண்டும். இதில் குழம்பாக்கி ஏற்கனவே இருக்கிறது. சோப்பு பிஎச்சை ஏற்றிவிட்டு மருந்தைச் சிதைப்பதுதான் மிச்சம். 10 லிட்டர் டேங்குக்கு 20 மில்லி மருந்தும் மருந்து இலையில் பரவி ஒட்ட 5 மில்லி அயனியில்லா (நான்-அயானிக்) ஒட்டுதிரவமும் போதும். லேபிளில் வேறு அளவு இருந்தால் லேபிள் சொல்வதே அளவு. கலந்ததை மறுநாளைக்கு வைக்க வேண்டாம்.

வெயில் தாழ்ந்த பிறகு, கூம்பு நாசிலை மேல்நோக்கித் திருப்பி இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி அடியுங்கள். காலையில் போய்ச் செத்த பூச்சியை எண்ணினால் ஏமாற்றம்தான். இது தின்பதைக் குறைத்து, குஞ்சுகளைத் தோலுரிக்க விடாமல் தடுக்கிற மருந்து. ஐந்து முதல் ஏழு நாள் கழித்துக் குஞ்சுகள் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். தேவைப்பட்டால் 7–10 நாள் இடைவெளியில் இன்னொரு முறை.

எங்கே தோற்கும்? மரவள்ளி மாவுப்பூச்சி கணு இடைவெளியைச் சுருக்கி, நுனி இலைகளை முட்டைக்கோஸ் மாதிரிக் கொத்தாக்கிவிடும். அந்தக் கொத்துக்குள் எந்தத் தெளிப்பும் இறங்காது. முதிர்ந்த பூச்சியின் மெழுகிலும் மருந்து வழுக்கிவிடும். இந்தப் பூச்சியில் ஆண் கிடையாது. ஒற்றைப் பெண்ணே நூற்றுக்கணக்கில் முட்டையிட்டுப் பெருக்கும் என்பதால் மிச்சம் விட்டது மறுபடி நிறையும். ஆகவே கொத்து விழுந்த நுனியை ஒடித்துப் புதைத்துவிட்டுத்தான் மருந்து.

ஒடிப்பதற்கு முன் ஒரு நிமிடம். மாவுப்பூச்சிகளுக்கு நடுவே பழுப்பாக, உப்பி, கெட்டியாகிப்போன கூடுகள் தெரிந்தால் அவை அனகைரஸ் லோபெசி குளவி உள்ளே முட்டையிட்ட மாவுப்பூச்சிகள். 1981-ல் பராகுவேயில் கண்டுபிடித்து, அதே ஆண்டு நைஜீரியாவில் விட்டு, ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காப்பாற்றிய இந்தக் குளவி ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பாதிக்கு மேல் கூடாகிவிட்ட நுனியை அப்படியே விடுங்கள், அங்கே மருந்தும் வேண்டாம். இன்னொரு ஏமாற்று: மாவுப்பூச்சியைவிடப் பெரிதாக, நீண்ட வெள்ளை மெழுகு நூல்களோடு விறுவிறுவென்று ஓடுவது கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த அதையே "பெரிய மாவுப்பூச்சி" என்று நசுக்கிவிடுகிறார்கள்.

"நன்மை செய்யும் பூச்சிகளுக்கு முழுப் பாதுகாப்பு" என்று லேபிளில் போட்டிருப்பது பாதி உண்மை. காய்ந்த பிறகு முதிர்ந்த குளவிக்கும் வண்டுக்கும் பெரிய கெடுதல் இல்லை. ஈரமாக மேலே பட்டால் குளவிக்குக் கெடுதல் வரலாம். பொறிவண்டுப் புழுவும் கண்ணாடி இறக்கைப்பூச்சிப் புழுவும் தோலுரிக்கிறவை என்பதால் அவற்றுக்கும் அடி விழும். வயல் முழுக்க அடிக்காமல் தாக்கிய செடிகளை மட்டும் குறிவைப்பதுதான் வழி. குளவி விடப் போகிறீர்களா? தெளித்து ஒரு வாரமாவது தள்ளி விடுங்கள். எறும்பு ஏறும் செடியை முதலில் கவனியுங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்பான தேன்கழிவுக்காக அதற்குக் காவல் நிற்கும் எறும்பு குளவியை அண்ட விடாது. வேகம் போதவில்லை என்று இதோடு சைபர்மெத்ரின் வகையறாப் பூச்சிக்கொல்லியைக் கலப்பது படுமோசம். குளவி, வண்டு, செம்பேனைத் தின்னும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் எல்லாம் போய், செம்பேன் பெருகும்.

செம்பேனுக்கு வேப்ப மருந்து சுமார்தான். நனையும் கந்தகம் அதைவிட மேல், ஆனால் நல்ல சிலந்திப்பேனையும் அது விடாது. எண்ணெய் கலந்த இந்த மருந்துக்கும் கந்தகத்துக்கும் இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். வெள்ளை ஈயின் குஞ்சை வேப்ப மருந்து குறைக்கும். அதற்காக, வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோயை நிறுத்தும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்த நோயின் வைரஸ் நடும் தண்டுத் துண்டான கரணையிலேயே வந்துவிடுகிறது. நோயில்லாத செடியிலிருந்து கரணை எடுப்பதற்கு மாற்று எந்த பாட்டிலிலும் இல்லை.

அந்தப் பருவத்துக்குத் தேவையானதை மட்டும் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். பம்புசெட் அறையில் ஒரு கோடையைக் கழித்த பழைய பாட்டில் கையில் இருந்தால், நாலு செடியில் அடித்து ஒரு வாரம் பார்த்துவிட்டு மற்றதற்குப் போகலாம்.