மணல் மேடு ஏறக் கேட்டேன், டிராக் (drag) ரேஸ் என்ஜினைத் தலையில் கட்டினார்கள்

கோலாலம்பூர் வட்டாரத்தில் பழைய டூ-ஸ்ட்ரோக் ஏடிவி (காடு, மணலில் ஓட்டும் நாலு சக்கர மோட்டார் வண்டி) வைத்திருப்பவர்கள், என்ஜினைப் பிரித்துச் செய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. விவகாரம் நடுவர் மன்றத்துக்குப் போயிருக்கிறது, அது முடியட்டும்.

என்னுடையது யமஹா பான்ஷி 350. 347 சிசி, இரண்டு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் என்ஜின். அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்ற வண்டி. நம் ஊரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்க்கலாம், சாமான் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரவேண்டும். அதனால் சிலிண்டர் ஒவ்வொன்றும் எங்களுக்குப் பொக்கிஷம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நான் ஓட்டுவது பெஸ்தாரி ஜெயா பக்கம், பழைய ஈயச் சுரங்கம் விட்டுப்போன மணல் மேடுகளில். கேட்டதை வாட்ஸ்அப்பிலேயே எழுதி அனுப்பியிருந்தேன்: மணல் மேடு ஏற வேண்டும், பம்ப்பில் கிடைக்கும் பெட்ரோல்தான் ஊற்றுவேன், கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே இழுக்க வேண்டும். பட்டறைக்காரர், "ஓகே அண்ணே, பிரச்சனையே இல்ல" என்று பதில் போட்டார். பில் 7,800 வெள்ளி (ரிங்கிட்). புது போர்ஜ் பிஸ்டன் 64.50 (மி.மீ. அளவு), போர்ட்டிங் (சிலிண்டரின் வாயு வழிகளை அராவிப் பெரிதாக்குவது), ஹெட் வேலை, புது எக்ஸாஸ்ட் பைப், கார்புரேட்டர் செட்டிங் என்று எல்லாம் அதில் இருந்தது.

வண்டியை எடுக்கப் போனபோது பட்டறை வாசலில் ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினார்கள். சத்தம் காதைக் கிழித்தது. கூடி நின்ற பையன்கள் கை தட்டினார்கள். வாசலில் நின்று எந்த என்ஜினும் அழகாகத்தான் கத்தும்.

மேட்டில் கதை வேறு. 8,500 ஆர்பிஎம்முக்குக் கீழே வண்டியில் உயிரே இல்லை. அதைத் தாண்டினால் பேய் மாதிரிப் பாய்கிறது. சமதளத்தில் கிளட்சை விளையாடி ஆர்பிஎம்மை மேலேயே வைத்துக்கொள்ளலாம். மணலில் நடக்காது. துடுப்புபோல் பட்டை வைத்த பேடல் டயர் மணலை அள்ளி எறிகிறது, மணல் வண்டியைப் பிடித்து இழுக்கிறது, ஆர்பிஎம் கொஞ்சம் இறங்கினாலும் பைப்பின் வேலை செய்யும் எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. கீழ் கியர் மாற்றப் போனால் அந்த நொடியில் வேகம் செத்துவிடும். பாதி மேட்டில் நின்றுபோய், வண்டி பின்னோக்கி உருள ஆரம்பித்தது. நான் பக்கவாட்டில் குதித்ததால் தப்பித்தேன். ஹேண்டில்பார் வளைந்ததோடு போயிற்று.

போன் செய்தால், "அண்ணே, உங்களுக்கு ஓட்டத் தெரியல, ஆர்பிஎம் ஏத்தி விடுங்க" என்றார். அடுத்த தடவை, "ரேஸ் பெட்ரோல் ஊத்துங்க" என்றார். பம்ப் பெட்ரோல் என்று எழுதிக் கொடுத்தவனிடம் இதைச் சொல்கிறார்! அதற்குள் என்ஜினில் டிங் டிங்கென்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஓட்டுவதை நிறுத்திவிட்டு, கிள்ளானில் பழைய யமஹா ஆர்டி பைக்குகளைச் செய்கிற ஒரு மூத்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். பான்ஷி என்ஜின் ஆர்டி 350 எல்சி குடும்பம்தான், அவருக்குப் பழகிய கை.

அவர் ஹெட்டைக் கழற்றும் முன்பே கம்ப்ரஷன் கேஜைப் போட்டார். 195 பிஎஸ்ஐ காட்டியது. நம் பம்ப் பெட்ரோலுக்கு 150ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. ஹெட்டைத் திறந்ததும் பிஸ்டன் விளிம்பில் ஊசியால் குத்தியதுபோல் பொடிப் பொடிக் குழிகள். டிடொனேஷன், அதாவது உள்ளே பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிப்பது, தின்ற அடையாளம்.

அப்புறம் சிலிண்டரின் மேல் விளிம்பிலிருந்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் (புகை வெளியேறும் வழி) உச்சி வரை வெர்னியர் வைத்து அளந்தார். 25.5 மி.மீ. பான்ஷியின் ஸ்ட்ரோக் 54, கனெக்டிங் ராட் 110. கணக்குப் போட்டால் என்ஜின் சுற்றும் ஒரு சுற்றில் எக்ஸாஸ்ட் போர்ட் ஏறக்குறைய 200 டிகிரி திறந்து கிடக்கிறது. அது டிராக் போர்ட்டிங், நேர்கோட்டில் சில நொடி பறக்கும் ரேஸுக்கானது. மேடு ஏற 190ஐ ஒட்டி வைத்தால் போதும், அதற்கு 28 மி.மீ. இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர்தான், ஆனால் அராவி எடுத்த இரும்பை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

டிராக் என்ஜின் மட்டம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் டிராக் என்றால் 201 மீட்டர் அல்லது 402 மீட்டர். அமெரிக்காவில் மணல் டிராக்கே 300 அடிதான். சில நொடியில் முடிந்துவிடும் ஓட்டத்துக்கு ஆர்பிஎம்மின் உச்சியில் மட்டும் சக்தி இருந்தால் போதும். சூடு ஏறும் முன் கோடு தாண்டிவிடும். மேட்டில் த்ராட்டிலை முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டு கனத்தோடு இழுக்க வேண்டும். வேகமும் குறைவு, ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. அங்கே தேவை அகலமான நடு ஆர்பிஎம் இழுவை, நீளமான பைப், அடக்கமான கம்ப்ரஷன். நூறு மீட்டர் ஓட்டக்காரனிடம் அரிசி மூட்டையைக் கொடுத்துப் பத்துமலையின் 272 படியையும் ஏறச் சொன்ன கதையாகிவிட்டது என் வண்டியின் கதை.

இதுவரை கேட்டால், ஏதோ தெரியாமல் செய்துவிட்டார்கள் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மெக்கானிக் பிஸ்டனின் தலையைத் துடைத்துக் காட்டும் வரை. பொறித்திருந்த எண் 6500. அதாவது 65 மி.மீ. பில்லில் இருப்பது 64.50. பிஸ்டன் பின்னைச் செருகும் துளை தேய்ந்து பளபளத்தது. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து ஃபீலர் கேஜ் விட்டால் இடைவெளி 0.9 மி.மீ. புது ரிங்குக்கு அதில் பாதிகூட வராது. கரியைச் சுரண்டி எடுத்துப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள்.

அதைவிடப் பெரிய கொடுமை, சிலிண்டரே என்னுடையதில்லை. என் இடது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் ஸ்டட் (பைப்பைப் பிடிக்கும் போல்ட்) துளை ஒன்று முன்பே புரி போய், ஹெலிகாயில் என்கிற கம்பிச் சுருள் புரி போட்டுச் சரிசெய்தது. இதில் அந்தத் துளை பிறந்தமேனிக்கு இருக்கிறது. யாரோ டிராக்குக்குச் செய்யச் சொல்லி, எடுக்காமல் விட்ட செட்டாக இருக்கலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: என் 64.50 போய், வேறு யாரோ ஓட்டித் தேய்த்த 65 வந்திருக்கிறது. சிலிண்டருக்குள் இருக்கும் கம்பெனி ஸ்லீவை (இரும்பு உறை) வழக்கமாக 66 மி.மீ. வரைதான் போர் அடிப்பார்கள், அதாவது கடைந்து அகலமாக்குவார்கள். என் சிலிண்டருக்கு இருந்த ஆயுளில் ஒரு பங்கை வேறு எவனோ அனுபவிக்கப் போகிறான்.

திரும்பப் போய்க் கேட்டதற்குச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார்: ரேஸ் சாமானுக்குக் கேரண்டி கிடையாது. தாளை ஒட்டிவிட்டால் சட்டம் செல்லாது என்று நினைப்பு. 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, எதற்காக வேலை கேட்கிறோம் என்று சொல்லியிருந்தால் செய்த வேலை அதற்குப் பொருந்த வேண்டும். என்னிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை, வைக்கவும் விடமாட்டார்கள். வேலை முடிந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். ஏதாவது கழற்றும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மெக்கானிக் வெர்னியரும் பிஸ்டன் எண்ணும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்தார்.

சிலிண்டர் கொடுக்கிறவர்கள், கொடுக்கும் முன் உள்ளே யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு குறி வைத்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் போர்ட் உயரம், பிஸ்டன் அளவு, கம்ப்ரஷன் மூன்றையும் பில்லில் எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுங்காகச் செய்கிறவருக்கு ஐந்து நிமிட வேலை. "அதெல்லாம் நம்ம சீக்ரெட் அண்ணே" என்று இழுத்தால் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நடுவர் மன்றத்தின் நோட்டீஸ் போனதும் பட்டறைக்காரர் குரல் மாறிவிட்டது. "பேசித் தீத்துக்கலாம் அண்ணே, பாதிப் பணம் தரேன்" என்கிறார். முதலில் என் இரண்டு சிலிண்டரையும் கொண்டுவாருங்கள், பணத்தை அப்புறம் பேசலாம் என்றேன். எங்கே போனது என்று தெரியாதாம். அதனால் ஒரு உதவி: அண்மையில் யாராவது செகண்ட் ஹேண்ட் பான்ஷி சிலிண்டர் வாங்கியிருந்தால், இடது பக்கத்தில் வெளிப்புற எக்ஸாஸ்ட் ஸ்டட் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெலிகாயில் தெரிந்தால், போர் 64.50 என்றால், எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். உங்கள்மேல் பழி போடமாட்டேன், யாரிடம் வாங்கினீர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.