மின் மேலாண்மை வன்பொருளைக் கெர்னலுக்கு விவரித்தல்: டிவைஸ் ட்ரீயும் ஏசிபிஐயும்

ஒரு போர்டில் எந்த வோல்டேஜ் ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் பகுதி) எந்தச் சிப்புக்கு மின்சாரம் தருகிறது என்பதை லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலால் தானாகக் கண்டறிய இயலாது. அதை யாரேனும் எழுதித் தர வேண்டும். ஏஆர்எம் வகைச் செயலி கொண்ட சிறிய போர்டுகளில் இப்பணியை டிவைஸ் ட்ரீ எனும் வன்பொருள் விவரப் பட்டியலும், பிசிக்களில் 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகியவை வெளியிட்ட ஏசிபிஐ எனும் தரநிலையும் செய்கின்றன.

டிவைஸ் ட்ரீ வெறும் தரவு மட்டுமே. ஒவ்வொரு ரெகுலேட்டருக்கும் ஒரு கணு (அதன் விவரங்கள் கொண்ட பதிவு) எழுதப்பட்டு, அதன் குறைந்தபட்ச, அதிகபட்ச மின்னழுத்தங்கள் மைக்ரோவோல்ட்டில் (1.8 வோல்ட் எனில் 1800000) தரப்படுகின்றன, அதிலிருந்து மின்சாரம் பெறும் சாதனத்தின் கணு அந்த ரெகுலேட்டரைச் சுட்டுகிறது. எதை எப்போது இயக்குவது, எந்த வரிசையில் அணைப்பது என்பவை டிரைவரின் (சாதனத்தை இயக்கும் கெர்னல் மென்பொருளின்) பொறுப்பு. இங்கே பூஜ்யங்களைக் கவனமாக எண்ண வேண்டும்: எழுதிய எண்ணையே கெர்னல் எல்லையாக நம்புவதால், தவறான மதிப்பு சிப்பையே கெடுத்துவிடக்கூடும்.

ஏசிபிஐ ரெகுலேட்டர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு, இயக்குவதற்கும் அணைப்பதற்குமான செயல்முறைகளை பைட்கோடாக (வேறொரு நிரல் படித்து நிறைவேற்றும் இடைநிலைக் குறியீடாக) தருகிறது. கெர்னலிலுள்ள இன்டர்பிரெட்டர் எனும் அந்த நிரல் அதை ஓட்டி, சாதனத்தை டி0 (முழு இயக்கம்) முதல் டி3 (அணைந்த நிலை) வரையிலான நிலைகளுக்கு மாற்றுகிறது. இதனால் போர்டு மாறினாலும் டிரைவர் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் பிழை ஃபர்ம்வேரில் (அந்த பைட்கோடைத் தரும், போர்டிலேயே பதிக்கப்பட்ட மென்பொருளில்) இருந்தால், அதைத் திருத்துவதற்குத் தயாரிப்பாளரையே எதிர்பார்த்திருக்க நேரும். அல்லது கெர்னலில் விதிவிலக்கு ஒன்றைச் சேர்க்க வேண்டும். சொந்தமாகப் போர்டு வடிவமைப்பவருக்கு, என் கணிப்பில், டிவைஸ் ட்ரீயே ஏற்றது.