தேதியில்லாத ஒரு நெகட்டிவ்

மூன்று வாரம் ஊரில் இருந்துவிட்டு வந்த பிறகும், அப்பாவின் டயாலிசிஸ் கோப்பில் பார்த்த ஒரு வரி மனத்தைவிட்டு அகலவில்லை. இரத்தம் வழியே பரவிக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள் இரண்டுக்கும் "நெகட்டிவ்" என்று எழுதி முத்திரையும் குத்தியிருந்தார்கள். எந்த நாளில் எடுத்த இரத்தம் என்பது மட்டும் இல்லை. கவுன்டரில் விசாரித்தபோது, "நெகட்டிவ்தானே சார், தேதி எதற்கு?" என்ற பதில் வந்தது. டோக்கன், சீட்டு, ஆய்வகம், பதிவறை, மறுபடியும் அதே கவுன்டர் என்று காலைப்பொழுது முழுவதும் போயிற்று. நான் வாழும் நாட்டில் இதை ஒரு நிமிடத்தில் திரையில் பார்த்திருப்பேன் என்ற எண்ணம் கோபத்தைக் கூட்டியது.

தேதிதான் இங்கே எல்லாம். பி வகைக் கிருமி தொற்றி நோய் வெளிப்பட 30 முதல் 180 நாள் வரையும், சி வகைக்கு இரண்டு வாரம் முதல் ஆறு மாதம் வரையும் ஆகலாம். பி கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும் என்பதால், வாரத்துக்கு மூன்று முறை இரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும் ஒருவருக்குச் சென்ற ஆண்டின் நெகட்டிவ் எந்தப் பாதுகாப்பையும் தராது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2001இல் வெளியிட்ட பரிந்துரை, எதிர்ப்புச் சக்தி இல்லாத டயாலிசிஸ் நோயாளிகளுக்கு பி பரிசோதனையை மாதந்தோறும், சி பரிசோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யச் சொல்கிறது. ஒரே நபரின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் நெகட்டிவ் எப்போது பாசிட்டிவ் ஆனது என்பது தெரியும்.

அந்தப் பிரிவின் சுவரில் ஆண்டின் மொத்தப் பாசிட்டிவ் எண்ணிக்கையை எழுதிய பலகை ஒன்றும் இருந்தது. ஒரே நோயாளியை மூன்று முறை சோதித்தால் அதில் மூன்று கூடிவிடும். ஏற்கெனவே தொற்றோடு வந்து சேர்ந்தவரும், அங்கு வந்தபின் தொற்றியவரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். உதாரணத்துக்கு, 40 பேரில் ஆறு பேர் வரும்போதே பாசிட்டிவ் என்றால் அது 15 விழுக்காடு. அதற்காக மருத்துவமனையைக் குறைசொல்ல முடியாது. மீதி 34 பேரில் ஒருவர் அந்த ஆண்டில் புதிதாகப் பாசிட்டிவ் ஆனாலோ, ஊசி, மருந்துக்குப்பி, கையுறை, இயந்திரம் என எல்லாவற்றையும் அன்றே ஆராய்ந்தாக வேண்டும். இந்த இரண்டையும் ஒரே எண்ணாக்கிய பலகையைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

மாலையில் மூத்த சிஸ்டர் ஒருவர், "தேதி கேட்டது நீங்கதானா தம்பி?" என்றபடி கோடுபோட்ட நீளப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்தார். சிறுவயதில் பள்ளியில் பார்த்த வருகைப் பதிவேட்டின் அதே அமைப்பு. ஆளுக்கு ஒரு வரி, மாதத்துக்கு ஒரு கட்டம். சேர்ந்த அன்றைய முடிவு முதல் கட்டத்தில், தடுப்பூசி போட்ட நாள்கள் ஓரத்தில். வரும்போதே பாசிட்டிவானவர்களுக்குச் சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தார். சி பரிசோதனையில், கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் தென்பட்டவர்களுக்கு, கிருமி இப்போதும் உடலில் இருக்கிறதா என்று அறியும் ஆர்.என்.ஏ. முடிவுக்காகத் தனிக் கட்டம் ஒதுக்கியிருந்தார், ஏனென்றால் தொற்று நீங்கிய பிறகும் எதிர்ப்பொருள் தங்கிவிடும். யாரும் கேட்காமலேயே, பல ஆண்டுகளாக, தம் கைப்பட எழுதிவந்திருக்கிறார்! நான் வாழும் நாட்டின் கணினி இதைவிட வேகமாகச் சொல்லும். இதைவிடத் தெளிவாகச் சொல்லாது.

மற்றவர்களின் பெயர்களை வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டு அப்பாவின் வரியை மட்டும் காட்டினார். பி பரிசோதனை சென்ற மாதம்தான் நடந்திருந்தது. சி பரிசோதனைக்கு ஆறு மாதம் கடந்து பத்து நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை இரத்தம் எடுத்தார்கள். இந்த முறை கோப்பில் தேதியை சிஸ்டரே எழுதினார்.