அகோயாவா, நன்னீர் முத்தா?

முத்துச்சரம் வாங்க நினைப்பவர் கடைசியில் கடல் சிப்பியில் வளர்க்கும் அகோயா, நன்னீர் மட்டியில் வளர்க்கும் முத்து என இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வந்து நிற்பார். மூழ்கி எடுத்த இயற்கை முத்து போட்டியிலேயே இல்லை. அதன் மவுசு ஒரு காலத்தில் எப்படி இருந்தது தெரியுமா? 1917-இல் கார்ட்டியே நகை நிறுவனம் ஓர் இரட்டைச் சர முத்துமாலையையும் 100 டாலரையும் கொடுத்து நியூயார்க்கில் ஒரு மாளிகையையே வாங்கியது! 1893-இல் ஜப்பானின் மிகிமோத்தோ கோகிச்சி அரைக்கோள முத்தை வளர்த்துக் காட்டியிருந்தார். பின்னர் உருண்டை வளர்ப்பு முத்துகளும் சந்தைக்கு வர, இயற்கை முத்தின் விலை சரிந்தது.

அகோயா அந்த ஜப்பானிய வழியில் வந்தது. நன்னீர் மட்டியின் ஓட்டில் கடைந்த மணி ஒன்றைக் கடல் சிப்பிக்குள் வைப்பார்கள். சிப்பி அதன்மேல் முத்துப்படலம் பூசும். அதனால்தான் அந்த உருண்டை. பளபளப்பும் கண்ணாடி மாதிரி, முகம் தெரியும் அளவுக்கு. ஆனால் படலம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான். 7 மில்லிமீட்டர் முத்தில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் மணியே.

சீனாவில் ஏராளமாக விளையும் நன்னீர் முத்தில் பெரும்பாலும் மணியே கிடையாது. மட்டிக்குள் சிறு திசுத் துண்டை மட்டும் வைப்பதால் முத்து கிட்டத்தட்ட முழுக்கப் படலம். ஒரே மட்டியில் பல டஜன் விளையும், விலையும் குறைவு. அச்சு உருண்டை அபூர்வம்; நீள்வட்டமும் பொத்தான் வடிவமும்தான் அதிகம். பளபளப்பு கொஞ்சம் மென்மை.

தினமும் அணிய என்றால் என் ஓட்டு நன்னீர் முத்துக்கே. வியர்வையும் வாசனைத் திரவியமும் முத்தை அரிக்கும்; மெல்லிய அகோயா அதில் சீக்கிரம் மங்கிவிடும். விசேஷங்களுக்கு மட்டும் என்றால் சரி, அகோயா எடுங்கள். ஆனால் சரத்தை விளக்கடியில் மெல்ல உருட்டிப் பாருங்கள். வெளிச்சமும் நிழலும் மாறி மாறிச் சிமிட்டினால் படலம் மெலிசு, உள்ளிருக்கும் மணியின் வரிகள் தெரிகின்றன. துளையின் ஓரம் பொரிந்திருந்தாலும் வேண்டாம். பல்லில் உரசிப் பார்ப்பது போலியைப் பிரிக்கத்தான் உதவும், இந்த இரண்டையும் பிரிக்காது.

ஒற்றை முத்துப் பதக்கத்துக்குப் பெரிய அளவு வேண்டுமென்றால் தென்கடல் முத்து: படலம் தடிமன், விலையும் அப்படியே. கறுப்பு கேட்டால், பசிபிக் தீவான தாஹிதியின் பெயர் கொண்ட தாஹிதி முத்து. அதன் கருமை சிப்பியே தருவது. கறுப்பு அகோயா, கறுப்பு நன்னீர் முத்து என்று காட்டினால் பெரும்பாலும் சாயம் ஏற்றியதாகவே இருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.